வாய்மொழியிலிருந்து வரிப்பொத்தகம் வரை: சோழர் ஆட்சியில் அரசாணையின் செயல்முறை

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிறுவனத்தின் பணி எங்குத் தொடங்கி, எவரெவர் கைமாறி, எங்கு முடிகிறது என்பதை வரைந்து காட்டுவது இன்றைய செயல்முறை மேலாண்மையின் அடிப்படை. சோழர் செப்பேடுகளின் தமிழ்ப் பகுதிகள் இவ்வகை வரைவுகளாகவே அமைந்துள்ளன. ஆனைமங்கலச் செப்பேட்டை முதன்மைச் சான்றாகக் கொண்டு, அரசன் வாய்மொழியாகக் கூறிய ஆணை ஓலையாகி, வரிக்கணக்கில் ஏறி, நிலத்தில் எல்லையாக நடப்பட்ட வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்செயல்முறை சோழ அரசின் இயல்பு குறித்த விவாதத்திற்கு என்ன சான்று தருகிறது என்பதும், அதில் எவருக்கு இடமில்லாமல் போயிற்று என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சோழர் நிருவாகம், புரவுவரித் திணைக்களம், திருமந்திர ஓலை, ஆனைமங்கலச் செப்பேடு, செயல்முறை மேலாண்மை, நாட்டார்.

முன்னுரை

1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் பிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் ஒரு வேலையின் படிகளைக் குறியீடுகளால் வரையும் முறையை எடுத்துரைத்தனர். 1987-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்விதழில் ஜான் சாக்மன் எழுதிய கட்டுரை, ஒரு நிறுவனத்தின் தரவு, செயல், இருப்பிடம் ஆகியவற்றை அடுக்கடுக்காக வரைந்து காட்டும் சட்டகத்தை முன்வைத்தது. 1992-இல் அச்சட்டகம் யார், எப்போது, ஏன் என்னும் வினாக்களையும் சேர்த்துக்கொண்டு விரிந்தது. நிறுவனக் கட்டமைப்பு, செயல்முறை மேலாண்மை என்று இன்று பயிலப்படும் துறைகளின் வரலாறு பெரும்பாலும் இந்த ஆண்டுகளிலிருந்தே சொல்லப்படுகிறது. ஒரு துறையின் பெயர் பிறந்த நாளையே அத்துறை ஆராயும் பொருளின் பிறந்த நாளாகக் கொள்வதால் வரும் குறுக்கம் இது.

பெரும் பரப்பை ஆண்ட எந்த அரசும் தன் சொல் தொலைவிலுள்ள ஊரில் செயலாவதற்கு ஒரு வழியை வகுத்தாக வேண்டும். அந்த வழியைப் பல அரசுகள் கையாண்டன. ஆயின் அதனை எழுதி வைத்தவை சில. கி.பி. பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுச் சோழ அரசு எழுதி வைத்தது மட்டுமன்றி, செம்பிலும் கல்லிலும் வெட்டியும் வைத்தது. கொடை எவ்வளவு, எவருக்கு என்பதோடு நில்லாமல், அரசன் எந்த மண்டபத்தில் இருந்தபோது சொன்னான், எவர் எழுதினார், எவர் ஒப்பமிட்டனர், எந்த நாளில் கணக்கில் ஏறிற்று என்னும் செய்திகளையும் அச்சாசனங்கள் பதிவு செய்கின்றன. மெய்க்கீர்த்திகளின் அரசியல் செய்திக்காகவே பெரிதும் படிக்கப்பட்ட இச்சாசனங்களின் வறண்ட நிருவாகப் பகுதியே இங்கு முதன்மை பெறுகிறது. இக்காலக் கலைச்சொற்களை அக்காலத்தின்மேல் ஏற்றுவது நோக்கமன்று. ஒரு பணி எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையும் எதற்குப் பொறுப்பாகிறது என்ற வினாவை மட்டுமே அத்துறையிலிருந்து இக்கட்டுரை கடனாகப் பெறுகிறது.

ஆனைமங்கலம்: ஓர் ஆணையின் பயணம்

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றும், கொடையளிக்கப்பட்ட ஊரால் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் வழங்கும் இரு தொகுதிகளுள் பெரியது 21 ஏடுகளைக் கொண்டது. ஐந்து ஏடுகள் வடமொழியிலும் எஞ்சியவை தமிழிலும் அமைந்தவை. கே.வி. சுப்பிரமணிய ஐயர் எபிகிராபியா இண்டிகாவின் 22ஆம் தொகுதியில் இதனைப் பதிப்பித்தார். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கியதே செப்பேட்டின் பொருள். தென்கிழக்காசியத் தொடர்பு பற்றி எழுதுவோர் அனைவரும் இதனை மேற்கோள் காட்டுவர். அதன் நடைமுறைப் பகுதியோ அவ்வளவாகக் கவனம் பெறவில்லை.

அப்பகுதி அரசனின் நேர்க்கூற்றாகத் தொடங்குகிறது. க்ஷத்திரிய சிகாமணி வளநாட்டுப் பட்டினக் கூற்றத்து நாட்டார், பிரமதேயக் கிழவர், தேவதானம் பள்ளிச்சந்தம் முதலிய வகைகளைச் சார்ந்த ஊர்களிலுள்ளார், நகரங்களிலுள்ளார் ஆகியோரை நோக்கியது அவ்வோலை. தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில், தஞ்சாவூரின் புறம்படியில் இராஜாசிரயன் என்னும் பெயருடைய மாளிகையின் தென்புற மண்டபம் ஒன்றில் தான் இருந்தபோது இக்கொடையைச் சொன்னதாக அரசன் அறிவிக்கிறான். கி.பி. 985-இன் நடுப்பகுதியில் அரசேற்றதைக் கொண்டு கணக்கிட்டால் இந்நாள் 1005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வரும். ஊரின் நிலம் அளந்தபடி 97 வேலிக்குச் சற்று மேல். அது இறுக்க வேண்டிய நெல் 8943 கலம் இரு தூணி ஒரு குறுணி ஒரு நாழி.

இந்த எண்ணின் கடைசி உறுப்பில் சற்று நிற்க வேண்டும். கலத்துக்கு 96 நாழி என்ற வாய்பாட்டின்படி மொத்தம் 8,58,601 நாழி. எட்டரை இலட்சம் நாழிக்கு மேற்பட்ட தொகையில் ஒற்றை நாழி விடுபடவில்லை. வேலிக்குச் சராசரி 92 கலம் என்பது தஞ்சைப் பெரிய கோயிலுக்குரிய நிலங்களில் காணப்படும் வேலிக்கு 100 கலம் என்னும் வீதத்துக்கு நெருக்கமானது. எனவே இத்தொகை கொடைநாளில் மதிப்பாகக் கூறப்பட்டதன்று. இராசராசனின் 16, 17ஆம் ஆட்சியாண்டுகளையொட்டி நடந்த நில அளவையின் கணக்கு ஏற்கெனவே இருந்து, அதிலிருந்து எடுத்து எழுதப்பட்டது என்றே கொள்ளத்தகும். அரசன் மண்டபத்தில் சொன்ன சொல்லுக்குள் வரிக்கணக்கரின் ஏடு புகுந்துள்ளது. ஆணை பிறக்கும் முன்னரே அதற்கு வேண்டிய தரவு திரட்டப்பட்டிருந்தது என்பது இதனால் பெறப்படும்.

அரசன் சொன்னதை முதலில் கேட்டு எழுதுபவர் திருமந்திர ஓலை என்னும் பதவியினர். அவர் எழுதியது அவ்வளவில் ஆணையாகிவிடாது; திருமந்திர ஓலை நாயகம் என்னும் மேலோரின் ஒப்பு வேண்டும். எழுதியவரும் ஒப்பமிட்டோரும் ஊர், நாடு, பட்டப்பெயர் ஆகியவற்றோடு சுட்டப்படுகின்றனர். சொன்னவன் அரசனே ஆயினும், அவன் சொன்னது இதுதான் என்பதற்கு எழுதியவர் ஒருவரும் சரிபார்த்தவர் வேறொருவருமாகப் பொறுப்பேற்கின்றனர். இவ்விருவரையும் பிரித்து வைத்த ஏற்பாடு சிறிதாகத் தோன்றினும், ஒரு செயல்முறையின் நம்பகம் இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த படி நான்கு நாள் கழித்து. 96ஆம் நாளில் கொடை வரியில் இடப்பட்டது. புரவுவரித் திணைக்களத்தைச் சார்ந்த பலர் இப்படியில் பெயர் பெறுகின்றனர். புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி, வரிப்பொத்தகக் கணக்கு, வரியிலீடு, பட்டோலை என்னும் பதவிப் பெயர்கள் இவ்வகைச் சாசனங்களில் மீண்டும் மீண்டும் வருபவை. வரிப்பொத்தகம் என்பது நில வரியின் மூலப் பதிவேடு. வரியிலீடு என்பது அதில் புதிய பதிவை ஏற்றுதல். முகவெட்டியின் பணி முத்திரையோடு தொடர்புடையதாகக் கருதப்பட்டாலும் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒவ்வொரு பதவியின் பணியையும் தனித்தனியே வரையறுப்பதைவிட முதன்மையானது, இத்தனை பேர் ஒரே பதிவுக்குச் சாட்சியாக நிற்பதன் காரணம். வரி இறுக்கும் ஊர் ஒன்று பள்ளிச்சந்தமாகும்போது அரசின் வருவாயிலிருந்து 8943 கலம் நெல் நீங்குகிறது. நீங்குவதைப் பதிவு செய்வோர் ஒருவராக இருந்தால் அவரே நீங்காததையும் நீங்கியதாக எழுதலாம். கூட்டுப் பதிவு அரசின் கருவூலத்துக்குக் காப்பாக அமைந்தது.

இதன் பின்னர்ச் செப்பேடு ஓர் இடைவெளியைக் காட்டுகிறது. நாட்டார் நிலத்தின் எல்லை வகுத்து அறவோலை எழுதியது 23ஆம் ஆட்சியாண்டின் 163ஆம் நாளில். வரியில் இட்ட நாளுக்கும் இதற்கும் இடையே இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களுக்கு மேலும் கடந்துவிட்டன. தலைநகரில் நான்கு நாளில் முடிந்த வேலை, ஊரில் முடிய ஏறத்தாழ 800 நாள் ஆயிற்று. காரணத்தைச் செப்பேடு கூறவில்லை. விகாரம் அப்போது எடுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்னும் குறிப்பு ஆணையிலேயே உள்ளமையால் அவசரம் இருந்திருக்காது என்று ஒரு சாரார் கொள்ளலாம். நாட்டாரின் இசைவு எளிதில் கிட்டவில்லை என்று வேறு சாரார் கொள்ளவும் இடமுண்டு. எவ்வாறாயினும் 21ஆம் ஆண்டு முதலே கொடை செல்லும் என்று ஆணை வகுத்திருந்தது. கணக்கில் கொடை நிகழ்ந்த நாளும் களத்தில் அது நிகழ்ந்த நாளும் வேறுவேறு என்பதைச் சோழ எழுத்தர்கள் மறைக்க முயலவில்லை. இரு நாளையும் அடுத்தடுத்து எழுதி வைத்த நேர்மை குறிப்பிடத்தக்கது.

களத்தில் நிகழ்ந்தது பிடிசூழ்தல். பெண் யானையை நடக்கவிட்டு, அது சென்ற எல்லையைப் பின்தொடர்ந்து கல்லும் கள்ளியும் நடுதல் அந்நிகழ்வு. நாட்டார் திருமுகத்தை எதிர்கொண்டு தொழுது தலைமேல் வைத்து ஏற்பதும், எல்லை நடந்து காட்டுவதும் சோழருக்குப் புதியன அல்ல. பல்லவர் செப்பேடுகளிலேயே இவ்வழக்கம் முழுமையாகக் காணப்படுகிறது. சோழர் மாற்றியது இந்தக் கடைசிப் படியை அன்று; அதற்கு முந்தைய படிகளையே. பல்லவர் சாசனத்தில் அரசனின் திருமுகம் ஏறத்தாழ நேரே நாட்டாரிடம் செல்கிறது. இராசராசன் காலத்தில் அவ்விருவருக்கும் இடையில் ஒரு திணைக்களம் முழுவதும் வந்து நிற்கிறது.

பயணம் இத்துடன் முடியவில்லை. வடமொழிப் பகுதியின்படி, இராசராசன் மறைந்த பின்னர் அவன் மகன் மதுராந்தகனாகிய இராசேந்திரன் இக்கொடையை நிலைபெறச் செய்தான். எனவே செம்பில் வெட்டப்பட்டது 1014-க்குப் பின்னர். வாய்மொழிக்கும் செப்பேட்டுக்கும் இடையே எட்டு ஆண்டுகளுக்குக் குறையாத காலம் உள்ளது. செயல்முறை நோக்கில் இதன் பொருள் தெளிவானது. ஆணையை நடைமுறைப்படுத்த வேண்டிய கருவி ஓலையும் வரிப்பொத்தகமுமே. செம்பு என்பது அரசன் மாறினாலும் கொடை மாறாதிருக்க எடுக்கப்பட்ட பாதுகாப்புப் படி. இன்று கிடைப்பது அப்படி மட்டுமே. நடைமுறையில் இருந்த ஓலைகள் அனைத்தும் கரையானுக்கும் ஈரத்துக்கும் போய்விட்டன. நிறைவேறிய ஆணைகளே செம்பை அடைந்தன. இடையில் நின்றுபோன ஆணைகள் எத்தனை என்பதற்குச் சான்றே இராது. சோழ நிருவாகத்தின் திறமை பற்றிய மதிப்பீடுகளில் இந்த ஒருபக்கச் சாய்வு போதிய அளவு கருதப்படுவதில்லை.

திருவாலங்காட்டிலும் தஞ்சையிலும்

இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டு ஆணையைத் தாங்கிய திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகளாலானவை. பழையனூர் என்னும் ஊர் அதுவரை சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாரின் பிரமதேயமாக இருந்தது. அந்நிலையை மாற்றி, வெள்ளான் வகையாக்கி, வரியைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு உரியதாக்குவதே ஆணை. ஆனைமங்கலத்தில் கண்ட படிகள் அதே வரிசையில் இங்கும் வருகின்றன. வேறு ஊர், வேறு அரசன், வேறு கொடை. பதவிப் பெயர்களும் அவற்றின் வரிசையும் மட்டும் மாறவில்லை. ஆட்கள் மாறினும் இடங்கள் நிலைத்திருப்பதே அமைப்பு ஒன்று இயங்கியதற்கு அடையாளம். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இவ்வரிசையை மிக நீளமாக விரிக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலைக்காகப் பலராலும் எடுத்தாளப்படும் அக்கல்வெட்டில் அதிகாரிகளின் பட்டியலே பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் செயல்முறை வேறொரு வடிவம் பெற்றது. 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், தஞ்சை அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் தானம் செய்தருள இருந்தபோது, தானும் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டான். அதன்படி வெட்டப்பட்டவை கொடைப் பட்டியல்கள் மட்டுமல்ல. தொடர்ந்து நடக்க வேண்டிய பணிகளின் விதிகளும் ஆகும். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும், நெல்லை அளக்க ஆடவல்லான் என்னும் மரக்காலும் வகுக்கப்பட்டன. முதலாக வைத்த காசுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. ஒரு விளக்குக்கு 96 ஆடு அல்லது 48 பசு அல்லது 16 எருமை; அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூன்று இனங்களுக்கும் ஒரே பயனை நிகராக்கிய இவ்வாய்பாடு, கொடையின் வடிவம் எதுவாயினும் கோயிலுக்கு வரும் நெய்யின் அளவு மாறாதிருக்கச் செய்தது.

29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தெருவும் வீடும் குறித்துப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல். பங்குடையவர் இறந்தாலோ வேற்றிடம் சென்றாலோ என்ன செய்வது என்பதையும் அக்கல்வெட்டு வகுக்கிறது. அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதியில்லை எனில் தகுதியுடைய ஒருவரை அவரே அமர்த்த வேண்டும். உறவினரே இல்லாதவிடத்து அப்பணியிலுள்ள ஏனையோர் ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். பணியை ஆளிடமிருந்து பிரித்து, பணிக்கு நெல்லை ஒதுக்கி, ஆள் இல்லாத நிலைக்கும் வழி கண்ட விதி இது. பெயரும் வீடும் குறிக்கப்பட்ட அப்பெண்டுகளுள் எத்தனை பேர் விரும்பித் தஞ்சைக்கு வந்தனர் என்பதற்குக் கல்வெட்டில் இடமில்லை. பல ஊர்த் தளிகளிலிருந்து அவர்கள் கொண்டுவரப்பட்டனர் என்பது மட்டும் ஊர்ப்பெயர்களால் தெரிகிறது.

சபையின் செயல்முறை

அரசாணையின் வழி மேலிருந்து கீழாக அமைந்ததைப் போலவே ஊர்ச் சபைகளுக்கும் சொந்த நடைமுறை இருந்தது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் (கி.பி. 919, 921) மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாக மேடைகளில் அளவுக்கு மீறிப் புகழப்பட்டவை. வாக்குரிமை பற்றிய அப்புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டுச் செயல்முறை ஆவணமாகப் படித்தால் அவற்றின் அருமை குறையாது; கூடும். முதல் விதி இயற்றிய இரண்டே ஆண்டில் அதே சபை அதனை விரிவாகத் திருத்தி அமைத்துள்ளது. இருமுறையும் அரச அதிகாரி ஒருவர் உடனிருந்தார்.

921-இன் திருத்தம் பெரிதும் முறைகேட்டை அடைப்பதில் கருத்துச் செலுத்துகிறது. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட வேண்டும். நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணுமாறு எடுத்து நிற்க, ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்று வாசிக்க வேண்டும். அங்கிருந்த நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருக்கலாம் என்னும் ஐயம் இவ்விதிக்குள் இருக்கிறது. அவ்வாறு ஒருமுறையேனும் நடந்திராவிட்டால் இத்துணை நுட்பமாக விதி செய்யத் தோன்றியிராது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியிழந்தனர். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை; பதவிக்காலம் 360 நாள்.

அரசனின் திணைக்களம் பல கையெழுத்துகளால் காத்ததை, சபை பலர் காணச் செய்தலால் காத்தது. இரண்டும் ஒரே அரசின் எல்லைக்குள் நிகழ்ந்தவை.

அரசின் இயல்பு பற்றிய விவாதம்

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930-களில் எழுதிய சோழர் வரலாறு, மேற்கண்ட ஆணைகளின் அடிப்படையில் வலிமையான மைய அதிகார வர்க்கம் ஒன்றைக் கண்டது. 1980-இல் வெளிவந்த தம் நூலில் பர்ட்டன் ஸ்டைன் இதனை மறுத்தார். சோழ அரசு கூறுகளாலானது; உண்மை அதிகாரம் நாடுகளில் இருந்தது; அரசனுக்கு இருந்த மேலாண்மை பெரிதும் சடங்கு சார்ந்தது என்பது அவர் வாதம். அதிகாரிகள் எனக் கருதப்பட்டோரை வட்டாரத் தலைவர்களாகவே அவர் பார்த்தார். இதற்கு மறுமொழி வாதத்தால் மட்டும் வரவில்லை; எண்ணிக்கையால் வந்தது. நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978-இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த்தொகுப்பும், அதனைத் தொடர்ந்த சுப்பராயலுவின் ஆய்வுகளும், புரவுவரித் திணைக்களத்துப் பதவிகள் எக்காலத்தில் மிகுகின்றன, எப்போது அருகுகின்றன என்பதைக் காட்டின. இராசராசனுக்கு முன்னர் அரிதாக உள்ள அப்பெயர்கள் பதினோராம் நூற்றாண்டில் செறிந்து, பின்னர் மெலிகின்றன. அரசனின் ஆட்சி வலிமையோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு திணைக்களத்தை வெறுஞ்சடங்கு என்று தள்ளுதல் கடினம்.

ஆணையின் பயணத்தைப் படிப்படியாகப் பார்க்கும்போது இவ்விவாதத்தின் இரு பக்கமும் ஒரே ஆவணத்தில் இடம்பெற்றிருப்பது புலனாகும். ஒற்றை நாழி வரை கணக்கிட்டு நான்கே நாளில் பதிவேட்டில் ஏற்றிய திணைக்களத்தை ஸ்டைனின் கோட்பாடு விளக்காது. அப்பதிவு நிலத்தில் எல்லையாக மாற நாட்டாரின் கையை எதிர்பார்த்து 800 நாள் நின்றதைச் சாஸ்திரியின் சித்திரம் விளக்காது. மூவேந்தவேளான் போன்ற பட்டம் பெற்று ஓலையில் ஒப்பமிட்டோர் பலர் ஏதோ ஒரு நாட்டில் நிலம் உடையவர்களே. ஆகவே அதிகாரி, வட்டாரத் தலைவர் என்னும் பகுப்பே அவ்வளவு கூர்மையானதன்று. ஒரே ஆள் தஞ்சையில் திணைக்களத்தானாகவும் தன் ஊரில் உடையானாகவும் இருந்தார். அவரை அரசின் செயல்முறைக்குள் ஓர் இடத்தில் நிறுத்தி, அவர் பெயருக்கு எதிரே ஒரு பொறுப்பை எழுதியதுதான் இராசராசன் செய்த மாற்றம்.

செயல்முறையில் இடம்பெறாதோர்

ஆணையின் விளிப்பெயர்களை மறுபடி நோக்க வேண்டியுள்ளது. நாட்டார், பிரமதேயக் கிழவர், ஊரார், நகரத்தார் ஆகிய நால்வகையினரும் ஏதோ ஒரு வகையில் நிலத்துக்கோ வணிகத்துக்கோ உரிமை உடையவர். ஊரார் என்னும் சொல்லும் ஊரில் வாழ்வோர் அனைவரையும் குறிக்காது. நிலம் உடையாரின் அவையையே குறிக்கும். உழுதவருக்கோ, கூலிக்கு நட்டவருக்கோ ஓலை எழுதப்படவில்லை. அவர்களிடம் எவரும் ஒப்பம் கேட்கவில்லை. எல்லை நடந்த பிடியின் பின்னே அவர்கள் நின்றிருக்கலாம், செப்பேட்டில் இல்லை.

உரிமையுடையாரும் எப்போதும் காப்புப் பெற்றாரல்லர். பழையனூர்ச் சபையார் தம் பிரமதேயத்தை இழந்தது, பிழையின்றி நடந்த ஒரு செயல்முறையின் முடிவில்தான். அவர்கள் மறுத்ததாகவோ முறையிட்டதாகவோ செப்பேட்டில் ஒரு சொல்லும் இல்லை. எழுதுவோர், ஒப்பிடுவோர், கணக்கில் ஏற்றுவோர் எனக் கொடைக்கு வழி வகுத்த பதவிகளை எண்ணிக்கொண்டே போகலாம். இழப்பவரின் சொல்லைக் கேட்டு எழுதுவதற்கென ஒரு பதவி அவ்வரிசையில் காணப்படவில்லை. குடிநீக்கி, குடிநீங்கா என்று கொடைகளை இருவகையாகப் பிரித்துக் குறிக்கும் வழக்கம் கல்வெட்டுகளில் உண்டு. குடிகள் நிலத்தில் தொடர்வரா, நீக்கப்படுவரா என்பது ஆணையின் ஒரு சொல்லால் முடிவாயிற்று என்பதை இவ்வழக்கம் உணர்த்தும்.

ஆனைமங்கலத்தின் பின்வரலாறு இதனை இன்னும் தெளிவாக்குகிறது. சிறிய லெய்டன் செப்பேடு மூன்றே ஏடுகள் கொண்டது. முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1090. கடாரத்து அரசனின் தூதர்களாகிய இராஜவித்யாதர ஸ்ரீசாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் விண்ணப்பிக்க, ஆயிரத்தளி அரண்மனையில் காலிங்கராயன் என்னும் பள்ளிப்பீடத்தில் இருந்த அரசன் ஆணையிட்டான். 85 ஆண்டுகளுக்கு முன் நாழிக் கணக்கோடு எழுதி, எல்லை நட்டு, செம்பிலும் வெட்டிய கொடைக்கு மீண்டும் ஓர் ஆணை வேண்டியிருந்தது. முதல் ஆணை வகுத்த வரிகளைத் தவிர அந்தராயம், வீரசேஷை, பன்மை பண்டவெட்டி, குந்தாலி எனப் பல பெயர்களில் தண்டல்கள் இடைக்காலத்தில் பள்ளிச்சந்தத்தின்மேல் விழுந்திருந்தன. புதிய ஆணை அவற்றை நீக்கிற்று. அதே மூச்சில், முன்பு அந்நிலத்தில் காணி உடையாராயிருந்தோரைத் தவிர்த்து, பள்ளியின் சங்கத்தார்க்கே அது காணியாகட்டும் என்றும் சொல்லிற்று. தூதர்களின் பெயர் செம்பில் உள்ளது. ஓலை எழுதியவனின் பெயரும் உள்ளது. காணி இழந்தோர் பெயரின்றி ஒரே சொல்லாகக் குறிக்கப்பட்டுள்ளனர்.